பெட்டி பிரியாத பொம்மை

மகாளய அமாவாசைக்கு இரண்டு நாள்கள் முன்னதாக, கும்பகோணத்தில் எங்கள் இல்லத்து வாசலில் கூரியர்க்காரர் ஒருவர் வந்து நின்றார். பரணிலிருந்து கொலு பொம்மைகளை இறக்குவதற்காக அடியேன் ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகனின் பெயருக்கு ஒரு பொட்டலம் வந்திருந்தது. நவராத்திரிக்கு ஊருக்கு வரப்போவதைக் கணக்கிட்டு, அதை எங்கள் முகவரிக்கே அனுப்பச் சொல்லியிருந்தான் போலும். பெயர் சொல்லி வாங்கிக்கொண்ட அடுத்த நிமிடமே தொலைபேசி மணி அடித்தது.

“அப்பா, வந்துவிட்டதா? நான் வரும்வரை யாரும் பிரிக்க வேண்டாம். அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.”

காலாண்டு விடுமுறைக்கு முன்னதாகவே வந்துவிட்ட பேரன், ஒன்பது வயதுக்குரிய பெருமூச்சு ஒன்றை விட்டான். “தாத்தா, அப்பா வந்த பிறகும் பிரிக்க மாட்டார்” என்றான்.

குழந்தை சொன்னது அப்படியே பலித்தது. மறுநாள் மாலை வந்திறங்கிய மகன், கைகால் அலம்பிக்கொண்டு, வெளி அட்டையை மட்டும் சத்திரசிகிச்சை செய்பவரின் நிதானத்தோடு அறுத்து எடுத்தான். உள்ளே இன்னொரு பெட்டி. அதன் முகப்பில் கண்ணாடி போன்ற தாள். அதற்குப் பின்னே, உடம்பைக் காட்டிலும் பெருத்த தலையும் இரண்டு கரிய வட்டக் கண்களும் கையிலே சுத்தியலுமாக ஓர் உருவம். அத்துடன் மகன் நிறுத்திவிட்டான். கொலுவுக்குத்தான் புதுப் பொம்மை வந்திருக்கிறது என்ற மகிழ்ச்சியில் என் இல்லத்தரசி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நெருங்க, “அம்மா, வேண்டாம்!” என்று அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அம்மையார் எட்டிப் பார்த்தார்.

பெட்டியைப் பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம்.

இந்த நூதன சாத்திரத்தை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மாலைப் பொழுது பிடித்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 1998-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஃபங்கோ என்ற நிறுவனம் இப்பொம்மைகளைச் செய்கிறது. தொடக்கத்தில் அவர்கள் செய்தவை தலையாட்டி பொம்மைகளே. 2010 முதல், திரைப்படத்திலும் சித்திரக்கதையிலும் வரும் பாத்திரங்களை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தாற்போலப் பெருந்தலையும் கருங்கண்ணுமாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. சில உருவங்களைக் குறைவாகச் செய்து நிறுத்திவிடுவார்கள். கிடைக்காதது என்று தெரிந்தவுடன் மனிதனுக்கு அது வேண்டும் என்று தோன்றிவிடுகிறதல்லவா? பெட்டி கசங்காமல், மூலை மடங்காமல் வைத்திருப்பவருக்கு விலை கூடும். பிரித்தவருக்கு வெறும் பொம்மைதான் மிஞ்சும்.

சென்னையில் மகன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரி ஒன்று இருக்கிறது. அதில் இத்தகைய பெட்டிகள் அறுபதுக்கு வந்துவிட்டன. இன்னும் மூன்று சேர்ந்தால் திருக்கூட்டம் நிறைவுறும் என்று என் இல்லத்தரசி சொல்வதுண்டு. பேரனுக்கு அந்த அலமாரியைக் கண்ணால் பார்க்க அனுமதி உண்டு. மூச்சுக்காற்று படாத தூரத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இதில் நான் சிரித்துக்கொண்டே கடந்துபோக முடியாத ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுக் கொலு ஒரு காலத்தில் ஒன்பது படி. என் தாயார் காலத்துக்குப் பிறகு ஏழாயிற்று. இல்லத்தரசிக்கு முழங்கால் வலி வந்தபின் ஐந்தாகி, பிறகு மூன்றாகிவிட்டது. “இந்த ஆண்டோடு சரி. அடுத்த ஆண்டு என்னால் ஏணி பக்கமே போக முடியாது. பொம்மைகளை ஏதாவது கோயில் கொலுவுக்குக் கொடுத்துவிடலாம்” என்று அவள் ஆவணியிலேயே சொல்லிவிட்டாள். மகனைக் கேட்டபோது, “என் வீட்டில் இடம் ஏதம்மா?” என்றான். அறுபது பெட்டிகளுக்கு இடம் இருந்தது.

அமாவாசையன்று டிரங்குப் பெட்டிகளை இறக்கினோம். பாச்சை உருண்டையின் நெடி கூடம் முழுதும் பரவ, பழைய வேட்டித் துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றிய பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. இந்த வேலையில் சிறுவயது முதலே எனக்கு ஒரு தனிச் சுவை உண்டு. பொம்மையைக் காட்டிலும் அதைச் சுற்றியிருக்கும் தாள் என்னைப் பிடித்து நிறுத்திவிடும். பழைய செய்தியைப் படித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் படி கட்டுவது யார் என்று முன்பு தாயார் கேட்பார். இப்போது மனைவி கேட்கிறாள்.

வாமனரைப் பிரித்த மகன் திடீரென்று அலறினான். பொம்மை உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். அவன் கையிலிருந்தது சுற்றியிருந்த தாள். மஞ்சளேறி, மடிப்பெல்லாம் கிழிந்து, ஓரத்தில் குங்குமக் கறையோடு, ஓர் இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் சித்திரக்கதைப் பக்கம்.

“அப்பா, இது இரும்புக்கை மாயாவி! முத்து காமிக்ஸ்! உங்களுடையதா?”

என்னுடையதுதான். சிவகாசியிலிருந்து 1972-ஆம் ஆண்டு முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழாக வந்தவர் அந்த மாயாவி. ஆங்கிலச் சித்திரக்கதை ஒன்றின் தமிழ் வடிவம் அது. மின்சாரம் பாய்ந்தால் அவர் உடல் முழுதும் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் தெரியும். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பில் ஒருவனிடம் ஒரு பிரதி இருந்தால் நாற்பது பேரும் படித்துவிடுவோம். திரும்பி வரும்போது அட்டை இருக்காது. கடைசிப் பக்கமும் பல நேரங்களில் இராது. மாயாவி பிழைத்தாரா என்பதை, படித்தவனிடம் கெஞ்சிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மின்சாரச் செருகியருகே நான் சந்தேகத்துக்குரிய முறையில் நின்றிருந்ததைக் கண்ட என் தந்தையார், என் சேகரிப்பு முழுவதையும் தாயாரிடம் ஒப்படைத்தார். தாயார் அதனைப் பழைய தாள் வாங்குபவருக்குப் போடவில்லை. அந்தப் புரட்டாசியில் தசாவதார செட்டுக்குப் புதுத் தாள் தேவைப்பட்டது.

அதன் பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை கொலு பிரிக்கும்போது மட்டும் மாயாவி எனக்குத் தரிசனம் தந்தார். மச்சாவதாரத்தில் அவர் கொள்ளைக் கூட்டத்தைத் தொடர்வார். நரசிம்மரைப் பிரித்தால் அகப்பட்டுக்கொள்வார். எப்படித் தப்பினார் என்பது பரசுராமரிடம் இருந்தது. தாள்கள் ஒவ்வொன்றாக நைந்து உதிர, வாமனர் மட்டும் குடைப்பிடியோடு ஒரு பக்கத்தை இத்தனை காலம் காத்திருக்கிறார்.

“முழு இதழாக இருந்திருந்தால் இதன் விலை என்ன தெரியுமா?” என்று மகன் தலையில் கை வைத்தான்.

விலையைப் பற்றிய பேச்சு வந்ததால், அவன் சொன்ன இன்னொரு செய்தியையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். சூப்பர்மேன் என்ற பறக்கும் வீரர் முதன்முதலாகத் தோன்றிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 1938-ஆம் ஆண்டு வெளிவந்தது. அன்றைய விலை 10 சென்ட். 2024-இல் அதன் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம் கணக்கில் ஏறக்குறைய 50 கோடி ரூபாய். இப்படிப்பட்ட பிரதிகளுக்கு 0.5 முதல் 10 வரை மதிப்பெண் இடுவதற்கென்றே அங்கு நிறுவனம் இருக்கிறது. மேற்படி பிரதி பெற்றது 8.5. மதிப்பெண் இட்டபின், கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து முத்திரையிட்டு விடுகிறார்கள். அதன்பின் அதைப் படிக்க முடியாது. பிரித்தால் மதிப்பெண் போய்விடும். 50 கோடி கொடுத்து வாங்கியவர், நடுப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அறிய, கடையில் மறுபதிப்பு வாங்கிப் படிக்க வேண்டும். புதையல் காத்த பூதம் என்று நம் பாட்டிமார் சொன்னது வேறு யாரையோ அன்று.

என் மகனும் ஒரு காலத்தில் படித்தவனே. அவன் காலத்துக் குழந்தைகளை அமர் சித்திர கதையும் 1980-இல் தொடங்கிய டிங்கிளும் வளர்த்தன. அமர் சித்திர கதையை 1967-இல் தொடங்கிய அனந்த் பை, கர்நாடகத்துக் கார்க்களத்தில் பிறந்தவர். தில்லித் தொலைக்காட்சியில் நடந்த வினாடி வினா ஒன்றில் மாணவர்கள் கிரேக்கப் புராணக் கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டு, இராமனின் தாயார் பெயரைக் கேட்டபோது விழித்ததைக் கண்ட வருத்தமே அவரை இதில் இறக்கியது என்பார்கள். அவ்வரிசையின் முதல் பத்து எண்கள் மேலைநாட்டுக் கதைகளுக்கு. நம் புராணங்களின் வழியில் பதினோராவதாக வந்தவர் கண்ணபிரான். அந்தக் கண்ணன் இதழை என் மகன் எத்தனை முறை படித்தான் என்பதற்கு, அதன் மேல் சிந்திய தயிர்சாதமே சாட்சியாக இருந்தது. இன்று அதே வரிசையின் முழுத்தொகுப்பை அழகிய பேழையாக வாங்கி வைத்திருக்கிறான். சுற்றிய பிளாஸ்டிக் தாள் இன்னும் பிரிக்கப்படவில்லை.

படிகளில் வெண்துணி விரித்துக் கலசம் வைத்தாயிற்று. மேற்படியில் முதலிடம் எப்போதும் மரப்பாச்சிகளுக்கு. செம்மரத்தில் கடைந்த அந்த ஆணும் பெண்ணும் என் இல்லத்தரசியின் திருமணச் சீராக வந்தவர்கள். ஆண் மரப்பாச்சியின் தலையில் வரிசையாகச் சிறு பள்ளங்கள் உண்டு. பல் முளைக்கும் பருவத்தில் மகன் கடித்த தடங்கள் அவை. பட்டுத் துணி சுற்றும்போது பேரன் அவற்றைத் தடவிப் பார்த்து விவரம் கேட்டான். பாட்டி சொன்னாள். குழந்தை தன் தகப்பனை நோக்கி, “அப்பா, இதற்கு எத்தனை மார்க்?” என்றான். மகன் விடை சொல்லவில்லை. பொம்மையை வாங்கி, அந்தத் தடங்களின்மேல் கட்டைவிரலை வைத்துச் சிறிது நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

அன்றிரவு பாட்டி மீண்டும் வாதத்தைத் தொடங்கினாள். சுத்தியல்காரரைக் கொலுவில் வைக்கலாமா?

“அது சாமி பொம்மை இல்லையம்மா, காமிக்ஸ் பொம்மை.”

“யார் என்று சொல், பார்க்கலாம்.”

“தோர். இடியின் கடவுள்.”

நார்வே முதலிய வடதேசத்தார் முற்காலத்தில் வழிபட்ட தேவர் அவர். ஆங்கிலத்தில் வியாழக்கிழமைக்குப் பெயரே அவரால் வந்தது. 1962 முதல் அமெரிக்கச் சித்திரக்கதையில் வீரராக வேலைபார்த்து வருகிறார். சுத்தியலை எறிந்தால் இடி இடிக்கும். எறிந்த சுத்தியல் அவரிடமே திரும்பி வரும். இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்ட என் இல்லத்தரசி, “தேவலோகம், இடி, கையில் ஆயுதம். இந்திரன் என்று நேரே சொல்லக் கூடாதா? மூன்றாம் படியில் செட்டியாருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது” என்று தீர்ப்பளித்தாள். பெட்டியைப் பிரிக்க முடியாது, இது மிகவும் அரிதான உருவம், இனிமேல் கிடைக்காது என்று மகன் மன்றாடினான்.

“அரிதா? அனந்தசரஸ் குளத்துக்குள் வெள்ளிப் பேழையில் பள்ளிகொண்டிருக்கிறாரே அத்தி வரதர், அவரைவிட அரிதா? 1979-க்குப் பிறகு 2019-இல்தான் தரிசனம். இனி 2059-இல். அவரே பேழையை விட்டு எழுந்தருளி நாற்பத்தெட்டு நாள் ஊர் உலகத்துக்கெல்லாம் காட்சி தந்தார். உன் இந்திரனுக்கு அட்டைப் பெட்டியை விட்டு வர மனம் இல்லையா?”

இதற்கு மறுமொழி எந்தச் சாத்திரத்திலும் இராது. அந்த ஆண்டு நவராத்திரிக்குக் கடைத்தெருவெங்கும் அத்தி வரதர் பொம்மைகள் வந்ததும், நாங்கள் சயனக் கோலம் ஒன்றும் நின்ற கோலம் ஒன்றும் வாங்கியதும் மகனுக்கு நினைவிருக்கும். இருப்பினும் அவன் அசையவில்லை. பெட்டியோடு வேண்டுமானால் வைக்கிறேன் என்றான். பெட்டியோடு வைத்த பொம்மைக்கு எப்படி ஆரத்தி காட்டுவது என்று பாட்டி கேட்டாள். வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

நவராத்திரியின் மூன்றாம் நாள் மூவரும் திருவாரூர் சென்றோம். தியாகேசரைத் தரிசித்தபின் பேரனைத் தேவாசிரிய மண்டபத்துக்கு அழைத்துச் சென்று, மேலே பார் என்றேன். சுந்தரமூர்த்தி நாயனாரின் திருத்தொண்டத்தொகையோடு தொடர்புடைய மண்டபம் அது. அதன் விதானத்தில் முசுகுந்த சக்கரவர்த்தியின் வரலாறு பதினேழாம் நூற்றாண்டு ஓவியமாக விரிந்திருக்கிறது. வரிசை வரிசையாகக் கட்டங்கள். கட்டந்தோறும் ஒரு நிகழ்ச்சி. கீழே அக்காலத் தமிழில் விளக்கம். ஊர்வலம், வாத்தியக்காரர்கள், ஆடல் மகளிர், வாணவேடிக்கை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. வரைந்த ஓவியர் சிங்காதனம் தம் உருவத்தையும் பெயரையும் உள்ளேயே சேர்த்துவிட்டார்.

பேரன் தரையில் மல்லாந்து படுத்தே விட்டான். “தாத்தா, இது காமிக்ஸ்!” என்றான். கழுத்து வலியில் நின்றிருந்த எனக்கும் அதுவே சரியான வாசிப்பு முறை என்று தோன்றியது. மண்டபத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் முகம் சுளிக்கவில்லை என்பதால் நானும் தடுக்கவில்லை.

கதாநாயகருக்குக் குரங்கு முகம் என்று அறிந்ததும் குழந்தைக்கு ஆர்வம் பன்மடங்காயிற்று. கதையைச் சொன்னேன். அசுரரோடு நடந்த போரில் இந்திரனுக்குத் துணை நின்றார் முசுகுந்தர். என்ன வேண்டும் என்று இந்திரன் கேட்க, அவன் பூசித்துவந்த தியாகேசத் திருமேனியையே வேண்டினார். கொடுக்க மனம் வராத இந்திரன், தேவ சிற்பியைக் கொண்டு அதேபோல் இன்னும் ஆறு திருமேனிகளைச் செய்வித்து, ஏழையும் வரிசையாக வைத்து, உமக்குரியதை நீரே எடுத்துக்கொள்ளும் என்றான்.

“ஆறு டூப்ளிகேட்!” என்று துள்ளி எழுந்தான் பேரன். அப்போதுவரை கைப்பேசியை நோக்கிக்கொண்டிருந்த மகனும் நிமிர்ந்தான். சேகரிப்பாளர்கள் உலகில் அசலா, போலியா என்பதே பெருங்கவலை என்று எனக்கு முன்பே சொல்லியிருக்கிறான். பெட்டியின் அச்செழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்களாம்.

“அவர் எப்படிக் கண்டுபிடித்தார்?”

“இறைவன் அருளால் கண்டுகொண்டார். இந்திரன் தோற்றான். மகிழ்ந்து ஏழையும் கொடுத்துவிட்டான். மூலத் திருமேனி இந்தத் திருவாரூரில். மற்றவை திருநள்ளாறு, நாகைக்காரோணம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு ஆகிய ஆறு தலங்களில். சப்த விடங்கத் தலங்கள் என்று பெயர். ஒவ்வொரு தலத்திலும் பெருமானுக்கு ஒவ்வொரு நடனம்.”

குழந்தை யோசித்தான். “அப்படியானால் அந்த ஆறும் டூப்ளிகேட் சாமியா?”

“இல்லை கண்ணா, ஏழும் சாமிதான். ஏழு ஊரிலும் பூசை நடக்கிறதே.”

“பூசை செய்தால் டூப்ளிகேட்டும் ஒரிஜினல் ஆகிவிடுமா தாத்தா?”

திருவாரூரிலிருந்து கும்பகோணம் வரும்வரை பேருந்தில் இந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஆகமம் கற்றவர்கள் இதற்கு விரிவாக விடை சொல்வார்கள். என் மகன் ஜன்னல் ஓரமாக ஒன்றும் பேசாமல் வந்தான்.

மறுநாள் மாலை விளக்கேற்றும் நேரம். சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த இல்லத்தரசியின் எதிரே மகன் வந்து பெட்டியை வைத்தான். பக்கத்தில் கத்தரிக்கோலையும் வைத்தான். பிரித்தவன் பேரன். மகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு நின்றான். பிளாஸ்டிக் தொட்டிலிலிருந்து வெளியே எடுத்தபோது, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய அவனுக்கே அதுவரை தெரியாத ஒன்று வெளிப்பட்டது. தோரின் கழுத்துக்குள் சுருள்கம்பி. தொட்டவுடன் அந்தப் பெருந்தலை ஆமாம் ஆமாம் என்று ஆடியது.

“இது தஞ்சாவூர்ப் பொம்மையல்லவா!” என்று பாட்டி கைகொட்டினாள். செட்டியார் பக்கத்தில் ஒதுக்கிய இடம் ரத்தாகி, இரண்டாம் படியில் தஞ்சைத் தலையாட்டி ராஜா ராணிக்கு நடுவே இந்திரனுக்கு ஆசனம் கிடைத்தது. புவிசார் குறியீடு பெற்ற எங்கள் தஞ்சை ராஜா, களிமண் அடிக்கட்டையின் பலத்தால் எப்படித் தள்ளினாலும் எழுந்து நின்றுவிடுவார். வடதேசத்து இடி தேவர் மின்விசிறிக் காற்றுக்கே இரண்டு முறை கவிழ்ந்தார். சுத்தியலின் கனம் காரணம் என்று பேரன் வக்காலத்து வாங்கினான். கடைசியில் அவர் காலடியில் கொஞ்சம் புளி ஒட்டவைத்தோம்.

வெற்றிலை பாக்குக்கு வந்த பெண்மணிகள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, இவர் யார் என்பதே. இரண்டு நாளில் பேரன் விளக்கவுரையில் தேர்ந்துவிட்டான். தோரில் தொடங்கி, வியாழக்கிழமைக்குப் போய், அங்கிருந்து இந்திரனுக்குத் தாவி, முசுகுந்தரில் முடிப்பான். எங்கள் வீட்டுக் கொலுவுக்கு அவ்வளவு குழந்தைகள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கடைசி இரண்டு நாள் சுண்டலின் அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று. ஒரு பெண் குழந்தை தன் வீட்டிலிருந்து பச்சை நிற அசுரன் போன்ற ஒருவரைக் கொண்டுவந்து, இவரையும் வைப்பீர்களா என்று கேட்டாள். குளித்துவிட்டு வரட்டும் என்று பாட்டி சொல்லவே, அவரைக் குழாயடியில் அலம்பித் துடைத்து, மகிடன் பக்கத்தில் வைத்தார்கள். சரசுவதி பூசைக்கு ஒருநாள் வந்து திரும்பிய மருமகள், கணவன் பெட்டியைப் பிரித்ததை நம்பாமல் அந்தப் பொம்மையைப் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். பெட்டிப் பொம்மைகளின் மேல் எனக்கு இரக்கம் வரக் காரணமே அதுதான். 2023-ஆம் ஆண்டு ஃபங்கோ நிறுவனம், கிடங்கில் விற்காமல் தேங்கிய 3 கோடி முதல் 3.6 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை அழித்துவிடப்போவதாக அறிவித்தது. வைத்திருக்கும் செலவு, அழிக்கும் செலவைவிட அதிகமாம். கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் ஜப்பானில் கியோட்டோ நகரத்து ஹோக்கியோஜி ஆலயத்தில் ஆண்டுதோறும் அக்டோபர் மாதம், பழைய பொம்மைகளுக்கு நன்றி சொல்லி மந்திரம் ஓதி விடைகொடுக்கும் சடங்கு நடக்கிறது. அந்நாட்டிலும் மார்ச் 3 அன்று பெண்குழந்தைகளுக்காகச் சிவப்புத் துணி விரித்த படிகளில் அரசன், அரசி, பரிவாரம் என்று கொலு வைப்பதுண்டு. விழா முடிந்தபின் படியை எடுக்கத் தாமதித்தால் பெண்ணின் திருமணம் தாமதமாகும் என்ற நம்பிக்கைகூட அங்கே இருக்கிறது. பொம்மையோடு பழகிய வீடுகளுக்கு இந்த மொழி புரிந்துவிடும் போலும்.

விசயதசமி இரவு. ஒரு பொம்மையைப் படுக்கவைத்துக் கொலுவுக்கு உறக்கம் சொல்லும் வழக்கப்படி மரப்பாச்சிகளைச் சாய்த்தோம். தோரையும் படுக்க வைக்க வேண்டும் என்று பேரன் வற்புறுத்தினான். தலை கனத்தால் கால்கள் அந்தரத்தில் தூக்கிக்கொண்டன. கைக்குட்டையை மடித்து முதுகுக்குக் கீழே முட்டுக்கொடுத்தபின் ஒருவாறு உறங்கினார்.

மறுநாள் மூவரும் பொம்மைகளைச் சுற்றினோம். இல்லத்தரசி நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை செய்தாள். பேரன் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பென்சிலால் பெயர் எழுதினான்: “பலராமர், கலப்பை உள்ளே”, “கும்பகர்ணன், தூக்கத்தில்”, “இந்திரன், தலை ஆடும்”. மாயாவியின் பக்கத்தை மகன் கண்ணாடிச் சட்டத்தில் இட எடுத்து வைத்திருந்தான். வாமனருக்கு வேறு தாள் தருகிறேன் என்றேன். சற்று யோசித்துவிட்டு, தாளைப் பழையபடி வாமனருக்கே சுற்றிவிட்டான்.

தோரின் பெட்டி ஒன்று மிச்சம் இருந்தது. மூலை மடங்காமல், கீறல் இல்லாமல், அவன் கணக்கில் ஒன்பதரை மதிப்பெண் பெறத்தக்க பெட்டி. ஆண்டுதோறும் காணாமற்போய் எங்களை ஏணியில் ஏற்றும் சில்லறைச் சாமான்களுக்கு இல்லத்தரசி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இராமர் வில், வாமனர் குடை, கல்யாண செட்டின் இரண்டு நாயனங்கள், கண்ணனின் கழன்ற மயிற்பீலி எல்லாம் உள்ளே போயின. கண்ணாடித்தாள் வழியாக எல்லாம் தெரிவது வசதியாக இருக்கிறது என்று அவளுக்குத் திருப்தி.

டிரங்குப் பெட்டிகளை மறுபடி பரணில் ஏற்ற நான் ஏணியைப் பிடித்தேன். “இருங்கள் அப்பா” என்று மகன் தடுத்தான். திண்ணையில் நின்று மருமகளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவன், கூடத்துக் கண்ணாடி அலமாரியின் ஒவ்வோர் அறையும் எத்தனை அங்குல உயரம் என்று அளந்து சொல்லச் சொன்னான். தசாவதாரம் நின்றுவிடும். மரப்பாச்சிகளும் நிற்கும். ராஜா ராணிக்கு மேல்தட்டு. செட்டியாருக்குத்தான் தலையில் ஓர் அங்குலம் இடித்தது.